இறந்தோரைப் பற்றியிருத்தல்

இறந்தவரை விட்டு விலகி வாழத் தொடங்குவது அன்புக்குத் துரோகமா? ஆந்தனி மிங்கெல்லா இயக்கிய ‘ட்ரூலி, மேட்லி, டீப்லி’ (1990) என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் உயிர்நாடி இவ்வினாவே. மறைந்த காதலன் ஜேமி வாசித்த செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியைச் சகோதரி தன் மகனுக்காகக் கேட்க, நீனா சீறுகிறாள். பின்னர் ஜேமியே ஆவியாய்த் திரும்பி வருகிறான். வந்தவன் குளிர்கிறதென்று வீட்டை அனலாக்குகிறான். வேறு ஆவிகளைக் கூட்டிவந்து வீடியோ பார்க்கிறான். (உயிருள்ள விருந்தினரே மேல்!) நினைவில் குறையற்றிருந்தவன் நேரில் சலிப்பூட்டுகிறான். நாம் பற்றியிருப்பது இறந்தவரையா, அவர்தம் குறைகளை நீக்கி நாமே வரைந்துகொண்ட உருவையா? அடக்கச் சடங்குகளில் நிற்கையில் நானும் இதை எண்ணியதுண்டு. தன்மேல் அவளுக்கு அலுப்பு உண்டாகட்டும் என்றே ஜேமி வந்தான் எனக் கருதுகிறேன். இறுதியில் நீனா வேறொருவனுடன் புறப்படுகிறாள். ஜேமி மற்ற ஆவிகளோடு சன்னலருகே நின்று பார்க்கிறான்.