வழிப்போக்கருக்கு யார் பொறுப்பு?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அதற்கு உண்டு. தாமோதரப் பெருமாள் கோயிலும் வராகீஸ்வரர் கோயிலும் உண்டு. அதே சாலையில், அருகிலேயே, ஒரு சத்திரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது பாலுசெட்டி சத்திரம். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் மக்கள் போன பாதை இது. இன்று இதே பாதையில் ராத்திரி பகல் பாராமல் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வாடகைக் கார்கள் ஓடுகின்றன. சிங்கப்பூரில் வேலை கிடைத்த பையன், விடுப்பு முடிந்து துபாய்க்குத் திரும்பும் கொத்தனார், மகளின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறப்போகும் அம்மா என்று எல்லாரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

முன்பின் தெரியாதவர், நாளைக்கு இங்கே இருக்கமாட்டார், திரும்ப வருவாரா என்பதும் நிச்சயமில்லை. அப்படி ஒருவருக்கு அவர் கடந்து போகும் இடம் ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? சத்திரம் கட்டியவர்கள் ‘ஆம்’ என்று பதில் சொன்னார்கள். விமான நிலையம் என்ன சொல்கிறது?

முதலில் சத்திரம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தன் சத்திரங்களைப் பற்றி 1801-இல் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன்படி, பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே சோறு கிடைத்தது. நோயாளி குணமாகும்வரை கவனிக்கப்பட்டார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேறுகாலம் பார்த்தார்கள். வந்த இடத்தில் ஒருவர் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கும் நடந்தது. எல்லாச் சத்திரமும் இப்படி இருந்துவிடவில்லை. பல இடங்களில் குறிப்பிட்ட சாதிக்கு மட்டுமே இலை போட்டார்கள். மற்றவர்களுக்குத் திண்ணைகூடக் கிடையாது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது.

காஞ்சிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சிபுரத்தவர் என்பது மரபு. இல்வாழ்க்கை அதிகாரத்துக்கு உரை எழுதும்போது அவர் விருந்தினரை இரண்டாகப் பிரிக்கிறார்: முன்பே பழக்கம் இருப்பதால் நம்மைக் குறித்து வருகிறவர், பழக்கம் ஏதும் இல்லாமல் வந்து சேர்கிறவர். இரண்டாமவரும் விருந்துதான் என்று அவர் எழுதிவைத்ததில் பெரிய தாராளம் இருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பஞ்சத்தில் வாடும் காஞ்சிக்கு மணிமேகலை வான்வழியே வந்து இறங்குகிறாள். அவள் கையிலுள்ள அமுதசுரபியைச் சுற்றிக் கூடுகிற கூட்டத்தில் பதினெட்டு மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர், ஆதரவற்றவர் இருக்கிறார்கள். யாரையும் எந்த ஊர் என்று அவள் விசாரிக்கவில்லை. பசிக்கிறதா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

இப்போது மீனம்பாக்கம். பயணி வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் நீட்டுகிறார். பெட்டியை எடை போட்டு அனுப்புகிறார். குடியேற்ற அதிகாரி முன் நிற்கிறார். பிறகு பாதுகாப்புச் சோதனை: பெல்ட்டைக் கழற்றி, கைபேசியைத் தட்டில் வைத்து, இரண்டு கையையும் விரித்து நிற்கவேண்டும். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையும் அதற்கு முன்பே கொட்டிவிடவேண்டும். 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதி லண்டனில் அம்பலமானது. 100 மில்லி விதி உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். சித்திரை வெயிலில் தண்ணீர்ப்பந்தல் போடுவதைப் புண்ணியமாக நினைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள், கையில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்.

ஆனால் அந்த வரிசையில் யாரும் சாதி கேட்பதில்லை. நிலத்துக்காரரும் அவர் வயலில் வேலை செய்தவரின் மகனும் ஒரே தட்டில்தான் பெல்ட்டைக் கழற்றி வைக்கிறார்கள். பல சத்திரங்கள் தராத சமத்துவம் இது. வேற்றுமை வேறு இடத்தில், கடவுச்சீட்டில் இருக்கிறது. சில நாட்டுக்காரர்கள் விசா இல்லாமலே உலகத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவரலாம். சிலர் பக்கத்து நாட்டுக்குப் போகவே மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பிறந்த இடத்தை வைத்து மனிதரைத் தரம்பிரிக்கும் பழக்கம் இந்த வடிவத்தில் தொடர்கிறது. அரசின் அனுமதி இல்லாமல் சீனாவை விட்டுக் கிளம்பி, ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிவரை வந்த யுவான் சுவாங், இன்றாக இருந்தால் முதல் விமான நிலையத்திலேயே நின்றுபோயிருப்பார்.

மொழியும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில், தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று விமான நிலையத்தில் கேட்டபோது, நீங்கள் இந்தியரா என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி கேட்டதாக நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி வெளிப்படையாகச் சொன்னார். ஒரு எம்.பி.க்கே இது நடக்கிறது என்றால், முதல்முறை விமானம் ஏறும் அந்த அம்மாவுக்கு என்ன நடக்கும்?

சோதனையே கூடாது என்று சொல்ல முடியுமா? முடியாது. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்திலேயே குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டிகளில் அது இருந்தது. 33 பேர் இறந்தார்கள். இந்த மண்ணிலேயே ரத்தம் சிந்தியிருக்கும்போது, விருந்தோம்பல் பற்றிப் பேசுகிறவர்கள் அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அச்சத்துக்கும் விருந்தோம்பலுக்கும் நடுவே இருக்கும் இந்த இழுபறியைப் பெரியபுராணம் நேருக்கு நேர் சந்திக்கிறது. சேக்கிழாரின் ஊரான குன்றத்தூர், மீனம்பாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அவர் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் திருக்கோவலூரை ஆண்டவர். போரில் அவரிடம் தோற்ற முத்தநாதன், உடம்பெல்லாம் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வருகிறான். அடியாரின் கோலத்தைப் பார்த்த காவலர்கள் வழிவிடுகிறார்கள். கடைசி வாசலில் நிற்கும் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரம் பார்த்துப் போங்கள் என்று தடுக்கிறான். முத்தநாதன் அவனையும் மீறி உள்ளே போகிறான். வணங்கிக் குனிந்த அரசரைக் குத்துகிறான். வாளை உருவிப் பாய்ந்த தத்தனை அரசரே தடுத்து, இவர் நம்மவர், இவருக்கு ஒரு தீங்கும் நேராமல் எல்லைவரை கொண்டுபோய் விடு என்கிறார். தத்தன் அப்படியே செய்கிறான். வழியில் ஆத்திரத்தோடு சூழ்ந்த மக்களிடமிருந்தும் அவனைக் காப்பாற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து சொல்கிறான். அந்தச் செய்தி வரும்வரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வழக்கமாக இந்தக் கதையில் நாயனாரின் பக்திதான் பேசப்படும். விமான நிலையத்தை மனத்தில் வைத்துப் படிக்கும்போது தத்தன்தான் முன்னால் வந்து நிற்கிறான். நாயனாரைப் போல் நடந்துகொள்ளும்படி எந்த அரசையும் கேட்க முடியாது. தன் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு, நூறு பேர் இருக்கும் விமானத்தைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தத்தனைப் போல் நடந்துகொள்ளச் சொல்லலாம். சந்தேகப்பட்டுத் தடுத்ததும் அவன்தான், பத்திரமாக வழியனுப்பியதும் அவன்தான். தடுக்கிற கைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பும் இருக்கிறது. விமான நிலையங்கள் முதல் பாதியை மிக நன்றாகக் கற்றிருக்கின்றன. இரண்டாம் பாதியில்தான் குறை.

ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1795-இல் எழுதிய ‘நிரந்தர அமைதி’ நூலில், அந்நியருக்கு வந்துபோகும் உரிமை உண்டு, அவரைப் பகைவராக நடத்தக் கூடாது என்றார். விருந்தினராக உபசரிக்கப்படும் உரிமையை அதில் சேர்க்கவில்லை. இன்றைய விமான நிலையம் ஏறக்குறைய இந்த அளவோடு நிற்கிறது. இஸ்லாம் இதைத் தாண்டிப் போகிறது. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஜக்காத் என்னும் கடமைக் கொடையைப் பெறத் தகுந்த எட்டு வகையினரைச் சொல்லும்போது வழிப்போக்கரையும் சேர்க்கிறது. சொந்த ஊரில் வசதியாக இருப்பவரும், வழியில் கைப்பொருள் இல்லாமல் திண்டாடினால் அதைப் பெறலாம் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, வங்கி அட்டையும் வேலை செய்யாமல், தெரியாத நாட்டு முனையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது!

இரானைச் சேர்ந்த மெஹ்ரான் கரீமி நாசேரி 1988 முதல் 2006 வரை பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்திலேயே வாழ்ந்தார். தொடக்க ஆண்டுகளில் உரிய தாள்கள் இல்லாததால் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. சட்டம் அவரைக் கைவிட்ட ஆண்டுகளில், அங்கே வேலை பார்த்த சாதாரண ஊழியர்கள்தான் கவனித்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் அதே விமான நிலையத்தில் இறந்தார். கனடாவின் காண்டரில் 2001 செப்டம்பர் 11 அன்று நடந்தது வேறு. அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும் 38 பெரிய விமானங்கள் அங்கே இறங்கின. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஒரே நாளில் 6,600-க்கும் மேற்பட்ட விருந்தாளிகள். வேலைநிறுத்தத்தில் இருந்த பேருந்து ஓட்டுநர்கள் அதை நிறுத்திவிட்டு வண்டி எடுத்தார்கள். பள்ளிகளும் தேவாலயங்களும் வீடுகளும் திறந்தன. குறியாது வந்த விருந்து என்று பரிமேலழகர் சொன்னது இவர்களைத்தான்.

நம் பக்கத்திலும் சிறு அசைவு தெரிகிறது. கொல்கத்தாவில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்துக்கும் வந்த ‘உடான் யாத்ரி கஃபே’யில் தேநீர் 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய். இதைச் சத்திரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கணக்குப் பார்க்காமல் ஒரு டீ குடிக்கலாம்.

விருந்தினரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வீட்டுக்காரரை விட்டுவிட முடியாது. தாமல் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடம் தேர்வானது 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் திட்டம் அது. வயலும் ஏரியும் வீடுகளும் அதற்குள் போகின்றன. திட்டப் பகுதிக்குள் வரும் ஏகனாபுரம் கிராம மக்கள் 2022 முதலே போராடி வருகிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். இழப்பீடு வாங்கிக்கொண்டு நிலம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். நகரம் வளர்கிறது, மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்று அரசு சொல்வதும் பொய்யில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். வீடு இருக்கிறவர்தான் விருந்தினரை வரவேற்க முடியும். பத்துக் கோடி வழிப்போக்கருக்கு இடம் செய்வதற்காக வாசலில் நிற்பவரையே அப்புறப்படுத்தினால், அந்த உபசாரம் யாருடையது? இழப்பீட்டுத் தொகை நிலத்தின் விலைக்கு ஈடாகலாம், சம்மதத்துக்கு ஈடாகாது. ஏகனாபுரம் தன் பதிலைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்துவிட்டது. அரசு அதை நிலம் எடுப்புக் கோப்பில் ஓர் ஆட்சேபமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், வீட்டுக்காரரின் சொல்லாக மதித்து, அந்த ஊரில் உட்கார்ந்து பேசவேண்டும்.