எண்ணும் பேச்சும்

"அக்கா, ஒரு போன் பண்ணிக்கிறேங்க." ஏற்காடு பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத பெண் கை நீட்டினார். தயங்கினேன். குறியீட்டு எண்களை அழுத்தி அழைப்புகளை வேறெங்கோ திருப்பும் மோசடியால், அந்த வசதியையே 2024 ஏப்ரல் நடுவிலிருந்து நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை சொன்னது. என் கைபேசியில் மாணவிகள் நம்பி அனுப்பிய செய்திகளும் உண்டு. அவற்றை இரவல் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

எண்ணைக் கேட்டு நானே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னும் அடிக்கிறானா கண்ணு?" தாயின் குரல். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவர் தலைகுனிந்தார். அவசரமாக ஸ்பீக்கரை அணைத்து, கைபேசியை அவர் காதருகே பிடித்தேன்.

எச்சரிக்கை தவறில்லை. ஆனால் என் ரகசியங்களைக் காக்க அவருடையதைச் செலவழித்துவிட்டேன். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. அழைக்க ஒரு போன் வேண்டுமே. எண்ணை நாமே அழுத்துவோம்; பேச்சை அவர்களுக்கே விடுவோம்.