இறுதி மரியாதைக்குப் பின்

இந்தியா-பாகிஸ்தான் மோதலின் நடுவே, 2025 மே 8 இரவு கராச்சி துறைமுகம் தகர்ந்துவிட்டது என்று பல தொலைக்காட்சிகள் கூவிக்கொண்டிருந்தன. இஸ்லாமாபாத் விழுந்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். இரண்டும் நடக்கவில்லை. உண்மையில் நடந்தது வேறு. காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய உரி பகுதியில் பாகிஸ்தான் தரப்பு பீரங்கித் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தது. அதில் காயமடைந்த முரளி நாயக் மே 9 அன்று உயிரிழந்தார். 2022 இறுதியில் ராணுவத்தில் சேர்ந்த அக்னிவீரர். வயது இருபதுகளில்தான். சொந்த ஊர் ஆந்திரத்தின் ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்தில் உள்ள கல்லி தாண்டா. பிழைப்பு தேடி மும்பைக்கு வந்த பெற்றோர், காட்கோபர் கிழக்கின் காமராஜ் நகரில் குடியிருந்தவர்கள்.

நடக்காத வெற்றியை விடிய விடியக் காட்டிய திரைகளில், நடந்த மரணம் மறுநாள்தான் இடம்பிடித்தது. பிடித்தபிறகு குறை வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கி மரியாதை, கதறும் தாய் என்று எல்லாம் நேரலையில் வந்தன. மே 11 அன்று கல்லி தாண்டாவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாணும் அமைச்சர் நாரா லோகேஷும் வந்தார்கள். மாநில அரசு 50 லட்ச ரூபாய், 5 ஏக்கர் நிலம், 300 சதுர கஜ வீட்டுமனை, தந்தைக்கு அரசு வேலை ஆகியவற்றை அறிவித்தது. பவன் கல்யாண் தன் சொந்தப் பணத்திலிருந்து 25 லட்சம் தருவதாகச் சொன்னார். இங்கே காமராஜ் நகரில் அஞ்சலி பேனர்கள் கட்டினார்கள். எல்லாம் முறையாக, மனமாரச் செய்யப்பட்டவைதான். அதன்பிறகு செய்தியாளர்கள் கிளம்பிவிட்டார்கள்.

நம் நாட்டில் ஒரு போர்வீரரின் சாவுச் செய்திக்கு ஆயுள் மூன்று நாள்தான். போரின் விலையை ஒரு குடும்பம் கொடுக்கத் தொடங்குவது நான்காம் நாளில். அந்த நாளைப் பற்றி வாசகனுக்கு யாரும் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

இந்த மூன்று நாள்கூட நெடுங்காலம் கிடைத்ததில்லை. 1962, 1965, 1971 போர்களில் மடிந்தவர்களில் பெரும்பாலோருக்குக் களத்துக்கு அருகிலேயே தகனமோ அடக்கமோ நடந்தது. வீட்டுக்குத் தந்தி போகும், பின்னால் உடைமைகள் வரும். முகம் பார்க்காமலே கணவனையும் மகனையும் வழியனுப்பிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு.

மும்பைத் தமிழர்கள் மறக்கக்கூடாத பெயர் ஒன்று அந்தக் காலத்தைச் சேர்ந்தது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946-ல் பம்பாயில் பிறந்தவர். மாட்டுங்கா எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் பிறகு எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியிலும் படித்தவர். இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குச் சென்று, 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் பதுங்கித் தாக்கியவர்களோடு நடந்த சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தப் போரில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அங்கே மாண்ட இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். ஆனால் அந்தப் போர் யாருடைய போராகவும் இருக்கவில்லை. தமிழகத்தில் அதற்கு எதிர்ப்பு. வடக்கே அதில் அக்கறையில்லை. 1990 மார்ச்சில் படையின் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் போரைத் தமிழன் எதிர்த்ததற்கு வலுவான நியாயம் இருந்தது; ஈழத்தில் செத்த பொதுமக்களின் கணக்கும் அதில் அடங்கும். ஆனால் அனுப்பியவர்களின் தவறுக்காக, போனவர்களின் சாவையும் சேர்த்துப் பேசாமல் விட்டோம். ஒரு போர் நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அதில் இறந்தவனும் கண்ணில் படாமல் போகிறான். பிடித்த போர் என்றால் அவன் கொடிக்குள் மறைந்துபோகிறான்.

1999 கார்கில்தான் இதை மாற்றியது. தங்கள் நாட்டின் போரை இந்தியர்கள் தொலைக்காட்சியில் பார்த்தது அதுவே முதல்முறை. உடல்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் வழக்கம் அப்போதுதான் உறுதிப்பட்டது. மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் விழுந்த திருச்சிக்காரர் மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனியில் கிடந்து, ஜூலையில்தான் மீட்கப்பட்டது. அது திருச்சிக்கு வந்தபோது ஊரே திரண்டது. போர் என்பது வரைபடத்தில் நடப்பதல்ல, நம் தெருவுக்கு வந்து சேர்வது என்பதைச் சிறு நகரங்கள் அன்று கண்டுகொண்டன.

அரசுகளுக்கு இந்தக் காட்சியின் பலம் தெரியும். அமெரிக்கா 1991 முதல் 2009 வரை டோவர் விமானதளத்தில் இறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை விதித்திருந்தது. சீன எல்லையில் கல்வானில் 2020 ஜூனில் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்ததை இந்தியா உடனே சொல்லிவிட்டது. திருவாடானைக்கு அருகே கடுக்கலூரில் ஹவில்தார் பழனியின் உடல் அடக்கமானதைத் தமிழகம் பார்த்தது. சீனா தன் தரப்பில் நால்வர் இறந்ததாக ஒப்புக்கொள்ள எட்டு மாதமாயிற்று. அந்தக் கணக்கைச் சந்தேகித்து எழுதிய ஒருவரைச் சிறைக்கும் அனுப்பியது. இறந்தவனின் பெயரைச் சொல்ல முடிகிற நாடாக நாம் இருப்பது பெரிய விஷயம். அதைக் குறைத்து மதிக்க முடியாது.

ஆனால் பெட்டியைக் காட்டுவதோடு வேலை முடிந்துவிட்டதாக நம் ஊடகங்கள் எடுத்துக்கொண்டன. சவப்பெட்டியின் காட்சி துக்கத்தைத் தரும், பெருமிதத்தைத் தரும். கணக்கைத் தராது.

கார்கிலையே எடுத்துக்கொள்வோம். 527 பேர் இறந்தார்கள் என்ற எண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். காயமடைந்தவர்கள் 1,363 பேர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மும்பையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது புனே. முதுகுத்தண்டு அடிபட்டு எழ முடியாமல் போன வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் அங்கே கட்கியில் உள்ளது. கை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்தும் ராணுவ நிலையமும் அதே நகரில்தான். இருபது வயதில் அடிபட்டு, மீதி ஆயுளைச் சக்கர நாற்காலியில் கழிப்பவருக்கு நேரலை கிடையாது. 2025 மே மாதத்திலும் இதுவே நடந்தது. பூஞ்ச் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பீரங்கிக் குண்டுகளால் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அவர்கள் பெட்டிமீது கொடி போர்த்தப்படாததால் அவர்கள் கதை இன்னும் சீக்கிரம் மறைந்தது.

மீண்டும் காமராஜ் நகருக்கு வருகிறேன். முரளி நாயக் 2022-ல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர். நான்காண்டுப் பணி, முடிவில் நாலில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம். முதலாண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய், அதில் 30 விழுக்காடு சேவாநிதி என்ற சேமிப்பு நிதிக்குப் பிடித்ததுபோகக் கைக்கு வருவது 21,000. போரில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, சேவாநிதி, மீதிப் பணிக்காலத்துக்கான சம்பளம் ஆகியவை குடும்பத்துக்கு உண்டு. சிறிய தொகையல்ல. ஆனால் நிரந்தர வீரர் அதே பதுங்குகுழியில், அதே குண்டில் இறந்தால் அவர் குடும்பத்துக்குத் தாராள குடும்ப ஓய்வூதியம் மாதந்தோறும் வரும். அக்னிவீரரின் குடும்பத்துக்கு அது கிடையாது.

மொத்தமாக வரும் பணத்துக்கும் மாதா மாதம் வருவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூலிக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மொத்தப் பணம் கடனுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் போகும். காமராஜ் நகரையும் பக்கத்து ரமாபாய் நகரையும் மறுசீரமைப்புக்காக இடித்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் வாடகை ஒன்றே பாதியைத் தின்றுவிடும். ஓய்வூதியம் என்பது அந்த மகன் உயிரோடு இருந்து மாதக் கடைசியில் அனுப்பியிருக்கக்கூடிய பணம்.

முரளியின் தாய் இந்த வேறுபாட்டை எதிர்த்து 2025-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். அக்னிவீரர்கள் தனி வகையினர், நிரந்தர வீரர்களோடு அவர்களை ஒப்பிட முடியாது என்பது மத்திய அரசின் நிலை. பணியில் இறக்கும் அக்னிவீரர்களின் குடும்பத்துக்கும் நிரந்தர வீரர்களுக்குரிய பலன்களைத் தரலாம் என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்திருப்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். இறுதிச் சடங்குக்கு நேரலை போட்ட அலைவரிசைகளில் எத்தனை இந்த மனுவைத் தொடர்ந்து பேசின? போரின் விலை அந்த மனுவின் பக்கங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே கேமரா போகவில்லை.

இதில் ஊடகத்தை மட்டும் குறை சொல்வது சரியல்ல. போரை விளையாட்டுப் போட்டிபோலப் பார்க்க உட்கார்ந்தவர்கள் நாம்தான். மே 8 இரவு கராச்சி எரிகிறது என்ற பொய்யை வாட்ஸ்அப்பில் அனுப்பிய கைகளில் நம் வீட்டுக் கைகளும் உண்டு. போர் வேண்டும் என்று கத்தும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. அதற்குப் பிள்ளையை அனுப்புவது பெரும்பாலும் தாண்டாக்களும் தாராவிகளும் கடுக்கலூர்களும்தான். விலை கொடுப்பவர் யாரென்று தெரியாதவரை போர் எல்லோருக்கும் மலிவாகத்தான் தோன்றும்.

காட்கோபர் கிழக்கு, மும்பை வடகிழக்கு மக்களவைத் தொகுதியில் வருகிறது. அங்கே வாக்குள்ள தமிழர்கள் தங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: நிலைக்குழுவின் பரிந்துரை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் பத்திரிகைக்கும் அதே கேள்வியை அனுப்புங்கள்.