கொடுத்த செடி யாருடையது?

கறிவேப்பிலைக் கன்றைக் காசு கொடுத்து வாங்கி நட்ட வீடு நம் தாமான்களில் எத்தனை இருக்கும்? எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. பெரும்பாலும் அது யாரோ கொடுத்ததாகத்தான் இருக்கும். மரத்தின் வேரிலிருந்து பக்கக் கன்று முளைக்கும். அதைத் தோண்டி ஒரு பழைய மைலோ டின்னில் வைத்து, "கொண்டு போ, ரெண்டு நாளைக்கு வெயில்ல வைக்காதே" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு மரம், பாட்டி தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது அவரோடு வந்தது. அதன் கன்றுகள் இன்று எத்தனை வீட்டு ரசத்தில் கொதிக்கின்றன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

கணக்கு வந்தது பிறகுதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் பூச்சட்டிகள் பக்கம் திரும்பினார்கள். படம் எடுத்தார்கள், குழுக்களில் போட்டார்கள். சாலையோரத்தில் சீண்டுவார் இல்லாமல் கிடந்த கெலாடிக்குத் திடீரென்று மவுசு. இலையில் வெள்ளைத் திட்டு விழுந்த மொன்ஸ்தேரா ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குப் போனது. அதே ஆண்டு நியூசிலாந்தில் நான்கே இலையுள்ள ஒரு செடி 8,150 நியூசிலாந்து டாலருக்கு ஏலம் போனது. நான்கு இலை! இப்போது விலை நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் போகவில்லை.

அந்த வெள்ளைத் திட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அந்தக் குணம் விதையில் ஒழுங்காக இறங்குவதும் இல்லை. கணுவோடு ஒரு துண்டு வெட்டி வேர் பிடிக்க வைத்தால்தான் அடுத்த செடி. பறவை தின்று போட்டு முளைக்கிற சமாச்சாரம் இல்லை, ஒருவர் மனசு வைத்து வெட்ட வேண்டும்.

எங்கள் தாமான் குழுவில் நடந்தது இதுதான். எதிர்வீட்டு ஆண்ட்டி தன் மொன்ஸ்தேராவின் படத்தைப் போட்டார். கேட்ட ஐந்தாறு பேருக்குச் சும்மா வெட்டிக் கொடுத்தார். வாங்கிப் போன ஒரு அண்ணன் அதை வளர்த்து, வெட்டி, கட்டிங் ஒன்று 80 ரிங்கிட் என்று விற்றார். கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு துண்டு கேட்டபோது, "சும்மா எல்லாம் இல்லைம்மா" என்றார். குழுவில் சண்டை வெடித்தது. ஆண்ட்டி வருத்தப்பட்டு ஒரு வரி எழுத, அந்த அண்ணன் பதில் போட்டார்: "தானம் கொடுத்தா பலனை எதிர்பார்க்கக் கூடாதுன்னு கீதையிலயே இருக்கே ஆண்ட்டி."

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டு வந்தது. கீதையில் அப்படி இருப்பது உண்மை. பதினேழாம் அத்தியாயத்தில் தானம் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. கைம்மாறு கருதாமல், கொடுப்பது கடமை என்று கொடுப்பது சாத்துவிகம். பலனை நினைத்துக் கொடுப்பது ராஜசம். நம் வகுப்புகளில் பலமுறை கேட்டதுதான். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? கொடுப்பவன் தன் மனத்தைத் தானே சோதித்துப் பார்க்கச் சொல்லப்பட்டது. வாங்கியவன் அதை எடுத்துக் கொடுத்தவர் மேல் வீசினால் கதையே மாறிவிடுகிறது. பற்றின்மையை நான் என்னிடம் கேட்கலாம். உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை, அதுவும் உங்கள் செடி என் கையில் இருக்கும்போது. நம் சமய வட்டாரத்தில் இது அடிக்கடி நடக்கிறது என்று நினைக்கிறேன். சேவை செய்பவர் களைத்துப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே யாராவது "பலனை எதிர்பார்க்காதீங்க" என்பார். சொல்பவர் பெரும்பாலும் அந்தச் சேவையில் சாப்பிட்டவராக இருப்பார்.

அப்படியானால் ஆண்ட்டி கொடுத்தது தானம்தானா? இங்கே திருக்குறள் கீதையைவிடக் கறாராக இருக்கிறது. ஈகை அதிகாரத்தில் வள்ளுவர், இல்லாதவருக்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என்கிறார். மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று அளந்து கொடுக்கும் கடன் மாதிரி என்கிறார். இந்த அளவுகோலில் வைத்தால் செடி கொடுப்பது ஈகையே இல்லை. மொன்ஸ்தேரா இல்லாமல் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரம், 22-ஆவது, ஒப்புரவறிதல். ஊர் நடுவில் பழுத்த மரம் அங்கேதான் உவமையாக வருகிறது. யாரும் பறிக்கலாம் என்று நிற்கிற மரம். பறிப்பவர் ஏழையா, பணக்காரரா என்ற பேச்சு அதில் இல்லை. ஊரோடு ஒத்து வாழ்வது என்பதுதான் பேச்சு. நம் கறிவேப்பிலை அந்த வகை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் யாருக்கும் தர்மம் போடவில்லை. எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும், நம்ம மரம் பட்டுப்போனால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதை வைத்துப் பார்த்தால் அந்த அண்ணன் செய்ததில் எது தப்பு? விற்றது தப்பு என்று குழுவில் பாதிப் பேர் கத்தினார்கள். எனக்கு உடன்பாடில்லை. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அம்மா, சும்மா கிடைத்த கட்டிங்கை வளர்த்து வாரச்சந்தையில் விற்றால் நாம் பாராட்டுவோம். மண், சட்டி, ஆறு மாத உழைப்பு எல்லாம் அவருடையது. அதற்குக் காசு வாங்கலாம்.

கணினிப் பாடம் படிக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் தெரிந்திருக்கும். 1989-இல் வந்த ஜி.பி.எல். என்ற மென்பொருள் உரிமம். அதன்படி நீங்கள் வாங்கிய நிரலை விற்கலாம், தடையே இல்லை. ஆனால் உங்களிடம் வாங்குபவருக்கு, நீங்கள் பெற்ற அதே சுதந்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். திறந்த கதவு வழியாக வந்தவன் கதவைப் பூட்டக் கூடாது. சட்டம்கூடச் சில இடங்களில் இந்தக் கதவை விட்டு வைக்கிறது. மலேசியாவின் 2004-ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம், புது வகையை உருவாக்கியவருக்கு உரிமை தருகிறது. அதே சட்டம், சிறு விவசாயிகள் தங்களுக்குள் நியாயமான அளவில் நடவுப் பொருளைப் பரிமாறிக்கொள்ள இடமும் விடுகிறது.

என் பார்வையில் அண்ணனின் தப்பு அந்த மாணவிக்குச் சொன்ன பதில்தான். 80 ரிங்கிட் பிரச்சினை இல்லை. சும்மா வாங்கியவர், ஒரு துண்டுகூடச் சும்மா போகாது என்று முடிவு செய்தார். அதில் அவருக்கு நஷ்டமும் அதிகம் இல்லை. நுனியை வெட்டினால் அங்கிருந்து இறங்கும் ஆக்சின் நின்று, கீழே உறங்கிக் கிடக்கும் மொட்டு கிளம்பும். வெட்டிக் கொடுத்த செடி மறுபடியும் தழைக்கிறது.

படம் போடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். "எல்லாம் பெருமைக்குத்தான்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். வாசலில் போடும் கோலமும் பார்க்கத்தான் போடுகிறோம். யாரும் அதைத் திரை போட்டு மூடவில்லை. ஆண்ட்டி படம் போட்டிருக்காவிட்டால் அந்தச் செடி அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. "இது என்கிட்ட இருக்கு" என்பதோடு நிற்காமல் "வேணுமா?" என்றும் கேட்கிற படத்தில் எனக்கு அகம்பாவம் தெரியவில்லை. செடி வாங்கியவர்களிடம் ஆண்ட்டி மாதம் ஒருமுறை, "துளிர் விட்டுச்சா? படம் அனுப்பு" என்பார். கறாராகப் பார்த்தால் இதுவும் எதிர்பார்ப்புதான், சாத்துவிகத்தில் ஒரு மார்க் குறையலாம். குறையட்டும். தான் கொடுத்த உயிர் என்ன ஆனது என்று கேட்காமல் இருப்பதை என்னால் உயர்வாக நினைக்க முடியவில்லை.

அந்த அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது அவசரம் என்று நான் எழுதினேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பாட்டி காலத்தில் இந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லயத்தில் வாங்கியவரும் கொடுத்தவரும் தினம் முகம் பார்த்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். இன்று குழுவில் இருநூறு பேர். பாதிப் பேரின் முகமே தெரியாது. யாரும் சொல்லாத விதியை ஒருவர் மீறிவிட்டார் என்று எப்படித் தண்டிப்பது? கொடுக்கும்போதே, "உன்கிட்ட யாராவது கேட்டா நீயும் ஒண்ணு குடு" என்று சொல்லிவிடலாமே.

இதை ஆண்ட்டியிடம் சொன்னேன். "செடி குடுக்குறதுக்கு அக்ரிமெண்டாடா தம்பி?" என்று சிரித்தார். அவருக்கு அதில் விருப்பமில்லை. அப்படிச் சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவர் கூச்சப்படுவாராம். நான் கொடுக்கும்போது சொல்லித்தான் கொடுக்கிறேன்.