நீ அமுக்கித்தான் ஓடுறானா?

நிண்டெண்டோ 1983 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட பேஸ்போல் கேமில் ஒரு வேடிக்கை உண்டு. பந்தை வேகமாகவோ மெதுவாகவோ வளைத்தோ வீசலாம், மட்டையைச் சுழற்றலாம். ஆனால் அடிபட்ட பந்தைத் துரத்துகிறவன் மட்டும் நம் பேச்சைக் கேட்கமாட்டான். அவனாகவே ஓடுவான், அதுவும் ஆடி அசைந்து. பந்து அவன் கைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் எறிவது என்பதுதான் நம் விரலில்.

தொண்ணூறுகளில் மாத்தளைக் கடைகளில் இதன் நகல் கசெட்டுகள் கிடைத்தன. பேஸ்போல் சட்டம் யாருக்குத் தெரியும்? நம்மூர் மட்டைப்பந்து ஆட்டமான எல்லே தெரிந்திருந்ததால் சமாளித்தோம். ஒருநாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்க, பின்னால் இருந்து தாத்தா கேட்டார்: "ஏன்டா, நீ அமுக்கித்தான் அவன் ஓடுறானா?"

பதில் சொல்வதற்குள் பந்து அவனைத் தாண்டிவிட்டது. தாத்தா வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேள்வி மட்டும் போகவில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். அங்கேயும் அதே கேள்விதான். வடத்தில் கை வைத்த பொடியன்களுக்கெல்லாம் தாங்கள்தான் இழுக்கிறோம் என்ற நினைப்பு. எனக்கும்தான். பொய் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் கையை எடுத்தால் தேர் நின்றுவிடும். நான் ஒருவன் எடுத்தால் அது பாட்டுக்குப் போகும்.

தாத்தாவும் அவர் தம்பியும் ரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் மலையகத் தமிழர்களைப் பங்கிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. 150,000 பேரைப் பாக்கி வைத்து, 1974இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இங்கேயே இருக்கத்தான் மனுப் போட்டார்கள். கிடைத்ததோ தாத்தாவுக்கு மாத்தளை, தம்பிக்கு இந்தியாவில் கூடலூர். யார் எதை அமுக்கினார்கள்?

பள்ளியில் ஊழ் அதிகாரமும் படித்தோம், ஆள்வினையுடைமையும் படித்தோம். 380ஆம் குறளில் ஊழைவிட வலியது ஒன்றுமில்லை என்கிறார் வள்ளுவர். 620ஆம் குறளில், தளராமல் முயல்கிறவன் அதையே புறமுதுகிட வைப்பான் என்கிறார். எது சரி என்று கேட்டதற்கு சேர், "பேப்பர்ல எது வருதோ அத எழுது" என்றார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

ஓட்டம் நம் கையில் இல்லை, எறிவது நம் கையில் என்று ஒரு சமாதானம் கொஞ்ச காலம் எனக்குப் போதுமாக இருந்தது. தாத்தாவும் கிடைத்த மாத்தளையில் வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கூடலூர்க்காரர் அங்கேயும் கொழுந்துதான் பறித்தார். பந்தைத் துரத்துகிறவன் அதை எட்டவே இல்லையென்றால் எறிவதற்கு என்ன இருக்கிறது? இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு மேற்கொண்டு ஓடுவதில்லை.