ஓடுகிறவரின் மடிப்பிச்சை

விடிகாலை நாலரைக்கு மதுரை வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஓடிப் பழகுகிற ஒருவர், வீடு திரும்பியதும் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்: ‘முதல் மாரத்தான் ஓடப்போகிறேன். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக. முடிந்ததைக் கொடுங்கள்.’ படித்தவருக்கு எழுகிற கேள்வி நியாயமானது. ஓடுவது நீங்கள், கொடுப்பது நானா? ஷூவுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ஆகிற காசை நேரே கொடுத்துவிட்டால் என்ன?

மதுரையில் இந்தக் கேள்விக்கு வலு அதிகம். வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக 1.52 ஏக்கர் நிலத்தைக் கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு 2024 ஜனவரியில் எழுதிக்கொடுத்தார். ஓடவுமில்லை, ஒருவரிடமும் கேட்கவுமில்லை.

எல்லாரிடமும் நிலம் இருப்பதில்லை. மாதச் சம்பளக்காரரின் பை சிறியது; போனில் இருக்கிற பெயர்களோ ஏராளம். அந்தக் கதவுகளைத் தட்டலாமா? நம் பக்கத்தில் இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு, மடிப்பிச்சை. சாமிக்கு நேர்ந்துகொண்டவர், வசதிக்காரராகவே இருந்தாலும், மஞ்சள் துணி கட்டி வீடு வீடாக மடி ஏந்துவார். சொந்தக் காசைப் போட்டு முடித்துவிடலாம்தான். அப்படி முடிக்கக் கூடாது என்பதே நேர்த்தி. தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டு வாசலில் மடி விரித்து நிற்கும்போது உள்ளே என்னவோ இறங்கிப்போகிறது. விழுந்ததெல்லாம் உண்டியலுக்கு, கோயிலுக்குப் போகிற பஸ் காசு சொந்தப் பையிலிருந்து.

ஓட்டக்காரரையும் இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். பதிவு, பயணம், ரூம் வாடகை எல்லாம் அவருடைய செலவு. திரட்டித் தருகிற தொகைக்கு ஈடாக ஓட இடம் தருகிற ஏற்பாடு லண்டன் போன்ற பெரிய ஓட்டங்களில் உண்டு. அங்கே கொடுத்தவரின் காசில் ஒரு பங்கு ஓட்டத்துக்கே போகுமானால், அதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் குற்றமில்லை, மறைத்தால் ஏமாற்று. நம் ஊரிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. அழகர்கோவில் மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர், போய்த் திரும்பினால் ஏறத்தாழ ஒரு மாரத்தான்; சித்திரைத் திருவிழாவுக்கு அங்கிருந்து அழகர் மதுரைக்கு வரும்போது உண்டியல்களும் வண்டியேறிக் கூடவே வருகின்றன. சாமியே அப்படித்தானே என்று ஓடுகிறவர் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த உண்டியல்களுக்குப் பூட்டும் கணக்கும் உண்டு.

வலியைக் காட்டிக் கேட்பதுதான் இன்னும் சிக்கல். புற்றுநோயால் காலை இழந்த டெரி ஃபாக்ஸ் 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். தம்மை விளம்பரமாக்க வந்த நிறுவனங்களை ஒதுக்கினார். அவர் பட்ட வலியும் அவர் பணம் கேட்ட காரணமும் ஒன்றே. நல்ல உடம்போடு ஓடுகிறவருக்குக் காலில் கொப்புளம் வருவது அவரே விரும்பி வாங்கியது. அதைப் படமெடுத்து, கீமோ ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைப்பது கூச்சமற்ற வேலை.

பயிற்சியும் இங்கே சொந்த விஷயமாக இருப்பதில்லை. பழகாத உடம்போடு வெயிலில் ஓடிச் சுருண்டு விழுகிறவர், நோயாளிக்கென்று காசு திரட்டிய கையோடு இன்னொரு நோயாளியின் கட்டிலில் போய்ப் படுக்கிறார். நாலைந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவது கொடுத்தவர்களுக்கும் பட்ட கடன்.

அப்படியும் முப்பதாவது கிலோமீட்டரில் கால் மடங்கிவிட்டால்? காசைத் திருப்பத் தேவையில்லை. அது தூரத்துக்குக் கொடுத்ததல்ல. ஆனால் அன்றைக்கு மாலையே, கேட்ட அத்தனை பேருக்கும் இன்னொரு செய்தி போக வேண்டும்: ‘முப்பதில் நின்றுவிட்டேன். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, ரசீது கீழே.’