வழி

என் கணினியில் 2006-ஆம் ஆண்டுத் தேதியோடு ஒரு கோப்பு கிடக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழை யூனிகோடாக மாற்றும் சின்ன நிரல். அதன் வயிற்றுக்குள் ஓர் அட்டவணை. நிரல் நான் எழுதியது. அட்டவணை இணையத்தில் கிடைத்தது. செய்தவர் பெயரும் இல்லை, உரிமமும் இல்லை. திறந்துதானே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, அதை டெபியன் லினக்ஸில் சேர்க்கலாமே என்று நண்பர் ஒருவர் பேக்கேஜ் கட்ட உட்கார்ந்தார். அங்கே ஒவ்வொரு பேக்கேஜோடும் பதிப்புரிமைக் கோப்பு ஒன்று போகவேண்டும்: எந்தக் கோப்பு யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது என்று. இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார். “சார், இந்த அட்டவணை யாரோடது?”

வக்கீலிடம் கேட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பட்டியல் வெறும் தகவல்தான், பதிப்புரிமை வருமா என்பதே சந்தேகம், விடுங்கள் என்றார். விட முடியவில்லை. அது வெறும் பட்டியலா? பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. ‘கெ’யை முதலில் மாற்றிவிட்டால் கால் அநாதையாகப் பின்னால் நிற்கும். எதற்குப்பின் எது என்று யாரோ ஒருவர் யோசித்து அடுக்கியிருக்கிறார். அந்த யோசனையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அவரைத் தேடினேன். அட்டவணையில் ‘ஙௌ’ வரி இரண்டு முறை வரும். (ஙௌ எழுதத் தமிழில் எவருக்கு அவசரம்!) வேறு மூன்று மாற்றிகளைத் திறந்து பார்த்தேன்; மூன்றிலும் ஙௌ இரண்டு முறை. ஏட்டுச் சுவடி ஒப்பிடுகிறவர்களுக்கு இது பழகிய கதை: பிழை பொதுவானால் மூல ஏடும் பொதுவாக இருக்கும். ஆனால் சுவடியில் உ.வே.சா.வுக்கு இருந்த ஒழுங்கு மாற்றி எழுதிய எங்கள் நால்வருக்கும் இல்லை. எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்று அவர் முகவுரையில் எழுதிவைத்தார். நாங்கள் நாலு பேரும் எங்கள் பெயரை மட்டும் எழுதியிருந்தோம்.

நன்னூலைப் பள்ளியில் படித்தபோது பாயிரம் எனக்கு மனப்பாடச் சுமை. சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டிய எட்டில் முதலாவது ஆக்கியோன் பெயர். அதை அடுத்து நிற்பது ‘வழி’, அதாவது நூல் எதிலிருந்து வந்தது என்பது. நூலின் பெயருக்கும் பயனுக்கும் முன்னாலேயே அது வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலே நன்னூல் எழுதிய பவணந்தியின் சொந்தச் சரக்கல்ல. இறையனார் களவியல் உரையில் முன்பே இருக்கிறது.

பவணந்தி சமண முனிவர். சமணம் களவுக்குச் சொல்லும் இலக்கணம் ‘கொடாததைக் கொள்ளுதல்’. பௌத்தரின் இரண்டாம் சீலமும் அதுவே. உடையவன் அழுதானா, அவனுக்கு நட்டம் உண்டா என்று அது கேட்கவில்லை. கொடுத்தானா என்று மட்டும் கேட்கிறது. உரிமம் இல்லாத நிரல் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குக் கொடுக்கப்படவில்லை. சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: எழுதியவர் எதுவும் சொல்லாவிட்டால் உரிமை முழுக்க அவருடையது. 2003-இல் லினக்ஸில் களவாடிய நிரல் வரிகள் இருப்பதாக வழக்கு கிளம்பிய பிறகு, 2004-இல் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். திருத்தம் அனுப்புகிறவர், இது என்னுடையது, அல்லது கொடுக்க உரிமையோடு என்னிடம் வந்தது என்று அடியில் பெயர் போடவேண்டும். எனக்கு அது விரதம் ஏற்பது போலத்தான் தெரிகிறது.

சரி, அட்டவணையைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதலாம். எழுதுவது யார்? பழையதைப் படித்த மனம்தானே என்னிடம் இருக்கிறது? மனம், மொழி, மெய் மூன்றாலும் களவிலிருந்து விலகச் சொல்கிறது சமண விரதம். என் மெய்தான் விலகும். ஐபிஎம் கணினியின் பயாஸ் நிரலைப் போல இன்னொன்று செய்தபோது ஃபீனிக்ஸ் நிறுவனம் மூல நிரலைப் படித்தவர்களைத் தனியாகவும் எழுதுகிறவர்களைத் தனியாகவும் உட்காரவைத்தது.

நான் அக்கா மகளை உட்காரவைத்தேன். கல்லூரி மூன்றாம் ஆண்டு. பழைய அட்டவணையைப் பார்த்ததில்லை. கையில் பாமினி எழுத்துருவும் விசைப்பலகைப் படமும் மட்டும். இரண்டாம் நாள் கேட்டாள்:

“மாமா, கெ-யை முதல்ல மாத்தணுமா, கொ-வையா?”

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அது என்னுடையதல்ல.

“ரெண்டையும் ஓட்டிப் பாரும்மா,” என்றேன். என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கொ-வை முதலில் போட்டாள்.